பேக்குக்கு ஒன்று, சலீமின் கன்னத்துக்கு ஒன்று

அந்தோணி,

நேற்று நீ போனில் கேட்டது ஒரே ஒரு கேள்வி. “நைனா, பாக்ஸிங் கிளாஸுக்கு கிளவுஸ் வாங்கணும், எந்த மார்க் நல்லா ஒழைக்கும்?” என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள், “தொங்கற பேக்க அடிக்க மட்டும்தான், ஆளுக்கு ஆள் நின்னு ஆடற ஸ்பாரிங்லாம் நம்ம கிளாஸ்ல கெடையாது” என்றாய். பின்னால் யாரோ வெல்டிங் வைக்கிற சத்தம். அந்தச் சத்தத்திலேயே போனையும் வைத்துவிட்டாய். ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறைக்குப் பக்கத்தில் கொட்டகை எடுத்திருப்பவனிடம் போனில் பேசி ஆகாது. அதுவும் நான் பேசப்போவது நீ வைத்துவிட நினைக்கிற பேச்சு. அதனால் கடிதமாகச் சொல்கிறேன். எனக்கு எழுதத் தெரியாது, நான் சொல்லச் சொல்ல உன் அம்மா எழுதுகிறாள். காலை மீன் விற்று முடித்து, எலுமிச்சம்பழம் தேய்த்துக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். என் பேச்சை அப்படியே எழுதினால் உன் கிளாஸுக்கு வரும் ஆபீஸ் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று அவளே நல்ல தமிழாக்கிக்கொள்கிறாள். ஆமாம், அவர்களும் இதைப் படிக்கட்டும். கிளவுஸ் வாங்கப் போகிற யாரும் படிக்கலாம். சுவரில் ஒட்டினாலும் எனக்குச் சம்மதம்.

நான் கிளவுஸைப் பற்றித் தெரிந்துகொண்டது ரிங்கில் ஏறி அல்ல. ராயப்பேட்டையில் விளையாட்டுச் சாமான் கடையில் பெட்டி பிரிக்கிற ஆளாக இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். வந்த சரக்கைப் பிரித்து அடுக்குவது பாதி வேலை. வாங்கிப் போனவர்கள் கோபமாகத் திருப்பிக் கொண்டுவருவதை வாங்கி வைப்பது மீதி வேலை. புதிதாக இருக்கும்போது எல்லா கிளவுஸும் ஒரே மாதிரிதான் பளபளக்கும். திரும்பி வரும்போதுதான் எந்த மார்க்குக்குக் கட்டைவிரல் தையல் பிரியும், எதற்கு உள்துணி உருண்டு வரும், எதற்கு மணிக்கட்டுப் பட்டி ஒட்டாமல் போகும் என்று தெரியும். பெட்டியில் எழுதியிருப்பதை எனக்குப் படிக்க வராது. படத்தை வைத்துத்தான் மார்க்கைச் சொல்வேன். முதலாளியும் அதற்குப் பழகிப்போனார். “சேவல்ல பன்னெண்டு அவுன்ஸ் எடுப்பா” என்பார். அந்த கம்பெனிக்காரனே கடைக்கு வந்தபோதும், முதலாளி அவனிடம் “நீங்கதான் சேவலா” என்று கேட்டுவிட்டு, அப்புறம் நாற்காலி போட்டார்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பேக் அடிக்கச் சேவல் மார்க்கும் எடுக்கலாம், முக்கோண மார்க்கும் எடுக்கலாம். சேவல் மீரட்டில் தைப்பது. அதற்குள் இருப்பது அச்சில் வார்த்த ஒரே கட்டி ஃபோம். முக்கோணம் ஜலந்தர் சரக்கு. அதில் ஃபோமை அடுக்கடுக்காக வைத்துத் தைத்திருப்பார்கள். கை நுழைத்ததும் முக்கோணம்தான் சுகமாக இருக்கும். போடப் போட, போட்டவன் கைக்குத் தகுந்தபடி அமுங்கிக் கொடுக்கும். ஆனால் உன் கிளாஸில் காலையில் ஒருவர், சாயங்காலம் ஒருவர் என்று ஒரே ஜோடியை மாற்றி மாற்றிப் போடுவார்கள். எல்லார் கைக்கும் அமுங்கினால் கடைசியில் அது யார் கைக்கும் சரிவராது. சேவல் முரடு, யாருக்காகவும் வளையாது, ஆனால் பேக்கில் போட்டு எத்தனை நாள் மொத்தினாலும் ஃபோம் ஒரு பக்கமாக ஒதுங்காது. ஆகவே கிளாஸுக்குப் பொதுவாக வாங்கிப் போடுவது சேவலாக இருக்கட்டும். சொந்தமாக வாங்குகிறேன் என்கிறவர்களுக்கு முக்கோணத்தைச் சொல். சேவலுக்கு மணிக்கட்டுப் பட்டி குட்டை. புதிதாக அடிக்கிறவனுக்கு பேக்கில் கை பட்டதும் மணிக்கட்டு மடங்கும். உள்ளே கைப்பட்டியை இறுக்கிச் சுற்றாமல் யாரையும் பேக் பக்கம் விடாதே. உடம்பைப் பார்த்துப் பத்து அவுன்ஸோ பன்னிரண்டோ போதும்.

தோலா ரெக்சினா என்றும் கேட்பாய். நம் ஊர் வேர்வையில் ரெக்சின் ஒரு கோடையைத் தாண்டினால் பெரிய விஷயம். பாம்புச் சட்டை மாதிரி உரியும். தோல் உரியாது, ஆனால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். தோலே வாங்கு. ஆடி முடித்ததும் உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, காற்றில் வாய் திறந்து தொங்கவிடு, வெயிலில் வைக்காதே. உன் முதல் தோல் கிளவுஸ் நாற்றம் எடுத்தபோது உன் அம்மா பார்த்த வைத்தியம் உனக்கு மறந்திருக்காது. மீனுக்கு உப்பு போட்டுப் பழகிய கை அது. ஈரத்தையும் நாற்றத்தையும் உப்பைவிட வேறென்ன எடுக்கும் என்று, கிளவுஸுக்குள் கல் உப்பை நிரப்பி, நெத்திலிக் கருவாடு காய்ந்த அதே தார்ப்பாயில் பக்கத்திலேயே வைத்துவிட்டாள். தோல் அப்பளம் மாதிரி விறைத்தது. அதையும் போட்டுக்கொண்டு கிளப்புக்குப் போனாய். உன்னோடு ஸ்பாரிங் ஆடுகிற சலீம் முதல் குத்து மூக்கில் பட்டதும் பின்வாங்கி நின்று, “டேய், சண்ட போட வந்தியா, கொழம்பு வெக்க வந்தியா?” என்றான். இதைச் சொன்னதும் உன் அம்மா பேனாவை நிறுத்திவிட்டாள். “அன்னிக்கு ராத்திரி நம்ம வூட்ல ஒக்காந்து அதே கருவாட்டுக் கொழம்ப மூணு தபா ஊத்திக்கினான், அத்தயும் எழுதட்டா?” என்கிறாள். எழுது என்றேன்.

சலீம் பெயர் வந்துவிட்டது. நீ அடுத்த பக்கத்தைத் திருப்பப் பார்ப்பாய். திருப்பு, அடுத்த பக்கத்திலும் அவன்தான் இருக்கிறான். அதற்கு முன்னால் ஸ்பாரிங் கிளவுஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்று நீ சொன்னாலும் கேட்டுக்கொள்.

ஸ்பாரிங்குக்குப் பதினாறு அவுன்ஸ் என்று எல்லாரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் பதினாறு என்பது எடை, மெத்தை அல்ல. அந்த எடையை எங்கே வைத்திருக்கிறான் என்று பார்க்க வேண்டும். சில மார்க்கில் மணிக்கட்டுப் பக்கம் கனமான பட்டியும் பக்கிளுமாக வைத்து எடையைக் கூட்டிவிடுவான், குத்துகிற விரல்முட்டிப் பக்கம் மெல்லிசாக இருக்கும். இதை உன் அம்மாவிடம் சொன்னபோது, “ஐஸ வெச்சி எடை காட்றவ எங்க சந்தைலயும் கீறா, யாருன்னு சொல்ல மாட்டேன்” என்றாள். கிளவுஸை நடுவில் ஒரு விரலில் தாங்கிப் பிடி. முட்டிப் பக்கம் சாய்ந்தால் நல்லது. மணிக்கட்டுப் பக்கம் சாய்ந்தால் கீழே வை. தாய்லாந்திலிருந்து வருகிற படகு மார்க் முட்டிப் பக்கம் சாயும் நல்ல சரக்கு. முட்டியிலும் கைப்புறத்திலும் மெத்தை ஒரே மாதிரி பரவியிருக்கும். மெக்ஸிகோ என்று சொல்லி ஒரு சிவப்பு ஜோடி காட்டுவார்கள். குதிரை முடி அடைத்தது. அடிக்கிறவனுக்கு அதைப்போல ஆசை தருகிற கிளவுஸ் கிடையாது, குத்து நேராகப் போய் உட்காரும். அதனாலேயே நண்பனோடு ஆடும்போது அது வேண்டாம். ஒட்டுப்பட்டியின் முள் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பார். எதிராளியின் முகத்தை அது பூனை மாதிரி பிராண்டும். இப்போது போனில் வாங்குகிற புது மார்க்குகள் நிறைய வந்திருக்கின்றன. அவற்றைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரியாததை நல்லது என்றும் சொல்லமாட்டேன், கெட்டது என்றும் சொல்லமாட்டேன்.

இனி அந்த நாள். சாந்தோம் பக்கத்து உங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் இருந்தது. புது கிளவுஸ் முரடாக இருக்கும், ஆள் முகத்தில் படக்கூடாது என்று முதலில் அதை பேக்கில் போட்டு மொத்திப் பழக்குவீர்கள். தொட்டால் பஞ்சாக இருக்கிறது என்கிற பதம் வந்த பிறகுதான் அதை எடுத்து ஸ்பாரிங்குக்கு வைப்பீர்கள். ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எதிரில் நிற்பவன் மேல் இருக்கிற பாசத்தில் வந்த வழக்கம் அது. அன்று அலமாரியில் புது ஜோடியும் இருந்தது, பழைய ஜோடியும் இருந்தது. சலீமுக்கு அந்த வாரம் அவன் அக்காவின் நிக்காஹ். முகத்தில் வீக்கம் இல்லாமல் போட்டோவில் நிற்க வேண்டும் என்று அவன் கேட்டுக்கொண்டான். நீ இரண்டையும் அமுக்கிப் பார்த்து, இருப்பதிலேயே மெத்தென்று இருந்த ஜோடியைத் தேடிப் போட்டுக்கொண்டாய். இரண்டாவது ரவுண்டில் உன் வலது கை அவன் கன்னத்தில் இறங்கியது. கன்ன எலும்பு முறிந்தது. நிக்காஹுக்கு அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தான்.

அதற்குப் பிறகு நீ பேக்கை அடிக்கிறாய், கயிறு தாண்டுகிறாய், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாய். இன்னொரு மனிதனுக்கு எதிரில் கை தூக்கி நின்று நான் பார்க்கவில்லை. சலீம் தேறி வந்தபோது அவன் தெருவில் வருவதைப் பார்த்து நீ வேறு பக்கம் திரும்பினாய் என்று உன் அம்மா சொன்னாள். வெறுப்பில் இல்லை, அவன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான். “என் கையில இன்னாமோ கீது நைனா, நான் மெதுவா அடிச்சாலும் அது கேக்கல” என்று ஒரு தடவை என்னிடம் சொன்னாய். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. கடையில் எத்தனையோ கிளவுஸ் திரும்பி வந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அடித்து அடித்துத் தேய்ந்துபோனதை யாரும் திருப்பிக் கொண்டுவர மாட்டார்கள். அதனால் உயிர் போன கிளவுஸை நான் கையில் வாங்கியதே இல்லை.

பதில் போன வாரம் நம் மீன் கடைக்கே வந்தது, நானும் அங்கேதான் இருந்தேன். சலீம் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, உன் அம்மாவிடம் வஞ்சிரம் கேட்டுவிட்டு, “இன்னா மா, அந்தோணி கிளாஸ் தொறக்கிறானாமே, ஆனா ரிங்கே போடலியாமே? வெறும் பைய அடிக்கிறதுக்கு இன்னாத்துக்கு கிளாஸு, துணி தோய்ச்சா போதாதா?” என்றான். பக்கத்தில் நண்டு வாங்கிக்கொண்டிருந்த தி. நகர் அம்மாள் திரும்பிப் பார்த்தாள். உன் அம்மா, அவன் கன்னத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். மீனின் செவுளைப் பார்க்கிற மாதிரியே பார்த்தாள். கண்ணுக்குக் கீழே ஒரு சின்னத் தழும்பு, அவ்வளவுதான். “டாக்டர் ஆடலாம்னு எப்பவோ சொல்டாரு. இவன்தான் வர மாட்டேங்கறான். மூணாவது ரவுண்டு இன்னும் பாக்கி கீது” என்றான்.

அவன் பைக் சீட்டுக்கு ஃபோம் வைத்து உறை தைக்கிறவன் என்பது உனக்குத் தெரியும். அன்று நீ போட்டிருந்த கிளவுஸை கிளப்பில் தூக்கிப் போட இருந்தார்களாம். இவன் கேட்டு வாங்கிக்கொண்டு போய், தன் கடையில் வைத்துப் பிளேடால் பிளந்து பார்த்திருக்கிறான். முட்டிக்கு நேராக ஃபோம் இல்லை நைனா, மாவாகக் கிடந்தது என்றான். “ஓட்டி ஓட்டித் தேஞ்ச சீட்டு மாதிரிதான். கைய வெச்சி அமுக்குனா மெத்துன்னு இருக்கும், ஒக்காந்தா கம்பி குத்தும். நாங்க அல்லாரும் சேந்து மெத்துன்னு கீறதுதான் நல்லதுன்னு நெனச்சிக்கினு இருந்தோம். அவன் எனக்குன்னு பாத்துப் பாத்து எடுத்தான் பாரு, அதான் தேறாத ஜோடி.” இதை உன்னிடம் சொல்லத்தான் அவன் உன் பின்னாலேயே அலைந்திருக்கிறான். நீ நின்றால்தானே.

நான் அதை முழுக்க கிளவுஸ் தலையில் கட்ட மாட்டேன். குத்தும் நல்ல குத்துதான். சலீமே அப்படித்தான் சொல்கிறான், கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறான். ஆனால் உன் கைக்குள் ஏதோ பேய் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாயே, அது இல்லை. இருந்தது மெத்தை இல்லாத ஒரு ஜோடி கிளவுஸ். பேக்குக்கு வலிக்காது, அதனால் பேக் அடிக்கும்போது அது செத்துப்போனது ஒருவருக்கும் தெரியவில்லை. இதை நீ உன் கிளாஸுக்கு முதல் பாடமாகச் சொல்லிக்கொடு. பேக் அடித்த கிளவுஸ் எக்காலத்திலும் ஒரு மனிதன் முகத்துக்குப் போகக்கூடாது. இரண்டுக்கும் வேறு வேறு நிறம் வாங்கு, வேறு வேறு ஆணியில் மாட்டு. மாசத்துக்கு ஒரு தடவை ஸ்பாரிங் கிளவுஸின் முட்டிப் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்து. உள்ளே போட்ட கை விரலுக்கு அந்த அழுத்தம் தெரிந்தால் அந்த ஜோடி முடிந்தது. அதை பேக்குக்குக் கூடத் தராதே, வெட்டிப் போடு.

நேற்று நானும் சலீமும் கடைக்குப் போனோம். நான் வேலை பார்த்த அதே கடைதான், முதலாளியின் மகன் இருக்கிறான். படகு மார்க்கில் பதினாறு அவுன்ஸ் எடுக்கச் சொன்னேன். அதில் இரண்டு மாதிரி வைத்திருந்தான். நான் விரலில் தாங்கிப் பார்த்தேன், சலீம் தையலைப் புரட்டிப் பார்த்தான், பெட்டியில் இருந்ததை எனக்குப் படித்தும் காட்டினான். அப்புறம் ஒன்றை என் கையில் மாட்டிவிட்டு, ஒட்டுப்பட்டியை இழுத்து ஒட்டிவிட்டு, தழும்பு இருக்கிற கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். “போடு நைனா.” கடையில் இருந்தவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். எனக்குக் கை எழவில்லை அந்தோணி. நீ இத்தனை நாளாக எப்படி இருக்கிறாய் என்று அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குத் தெரிந்தது. லேசாகத் தட்டினேன். “இன்னா நைனா, கொசு அடிக்கிறியா?” என்றான். இன்னும் கொஞ்சம் ஓங்கி அடித்தேன். அவன் தலை அசைந்தது. கண் சிமிட்டி, “ஆங், இது ஓகே” என்றான். முதலாளி மகன்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தான்.

அந்த மார்க்கில் இரண்டு ஜோடி எடுத்தோம். இரண்டும் சலீமிடம் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில், உன் ஆபீஸ் பிள்ளைகள் எல்லாம் வருவதற்கு முன்னால், அவன் ஈக்காட்டுத்தாங்கலுக்கு வருகிறான். தலைக்கவசமும் எடுத்து வருகிறான். ரிங் இல்லாவிட்டால் பரவாயில்லை, தரையில் சுண்ணாம்பால் நான்கு கோடு போட்டுக்கொள்ளலாம் என்கிறான். நீ கொட்டகையைப் பூட்டிவிட்டு எங்காவது போய்விட்டால் அவன் வாசலிலேயே உட்கார்ந்திருப்பான். அந்தப் பிள்ளைகள் வந்து யார் என்று கேட்டால், உங்கள் மாஸ்டர் என்னோடு சண்டைக்குப் பயந்து ஓடிவிட்டார் என்று சொல்வானாம். சொல்லக்கூடியவன்தான்.

மெதுவாக அடிக்கலாம் என்று நினைத்துக்கொண்டு நிற்காதே. நீ கையை வெட்கப்பட்டு நீட்டினால் அவனுக்குத் தெரிந்துவிடும், அதுதான் அவனுக்கு அவமானம். கால் எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வை, மூச்சை விடு, பழகிய குத்தைப் பழகியபடி போடு. காப்பாற்றுகிற வேலையைக் கையிடம் கொடுக்காதே, கிளவுஸிடம் கொடு. அதற்காகத்தான் இத்தனை தூரம் பார்த்துப் பார்த்து எடுத்தோம். அதற்கப்புறமும் உனக்கு ஸ்பாரிங் வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம். பேக் மட்டும் சொல்லிக்கொடு, நானே வந்து சேவல் மார்க்கைத் தொங்கவிடுகிறேன். ஆனால் முடிவெடுக்கிறதற்கு முன்னால் அவன் முகத்தை ஒரு தடவை நேராகப் பார்த்துவிடு.

நானும் உன் அம்மாவும் அன்று வருகிறோம். வஞ்சிரம் எடுத்து வைத்துவிட்டாள், வறுவலும் உண்டு குழம்பும் உண்டு, சலீமும் நம்மோடுதான் சாப்பிடுகிறான். இதற்கு மேல் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை என்றேன். எனக்கு இருக்கிறது என்று சொல்லி, தன் பங்குக்கு ஒரு வரியை உன் அம்மா எழுதிக்கொள்கிறாள்: நல்லா அடி, ஆனா அவன் மெல்ற பக்கத்த வுட்டு வெய்டா கண்ணு, மீனு வீணாப் பூடும்.

நைனா